பூமிக்குள் கேட்கும் எதிரொலி: ஒலிப் பாடத்தில் ஒரு கணக்கு

ஒன்பதாம் வகுப்பில் ஒலிப் பாடம் நடத்தும்போது எதிரொலிக்குக் கிணற்றையும் மலையையும், சோனாருக்குக் கப்பலையும் எடுத்துக்காட்டாகக் கூறுகிறோம். நான் கூடுதலாக இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: இயற்கை எரிவாயுவைத் தேடும் நில அதிர்வு ஆய்வு. நான் பணியாற்றும் டெல்டா பகுதியில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் உண்டு. "பூமிக்குள்ளே வாயு இருக்கிறது எப்படி சார் தெரியும்?" என்று மாணவர்கள் இயல்பாகவே கேட்பார்கள்.

ஆய்வு நடக்கும் முறை எளிது. கனமான வண்டி ஒன்று தரையில் தகட்டை அழுத்தி அதிர்வை உண்டாக்கும். அல்லது ஆழமில்லாத துளையில் சிறிய வெடி வைப்பார்கள். அதிர்வு கீழே சென்று, ஒரு பாறை அடுக்கு முடிந்து வேறு பாறை தொடங்கும் எல்லைகளில் ஒரு பகுதி திரும்பி வரும். தரையில் வரிசையாக ஊன்றிய ஜியோஃபோன் கருவிகள் அது திரும்பிய நேரத்தைப் பதிவு செய்யும். ஆழம் காண நம் பாடநூல் சூத்திரமே போதும்: வேகத்தை நேரத்தால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும்.

நான் எடுத்துக்கொள்ளும் உண்மை நிகழ்வு நெதர்லாந்தின் குரோனிங்கன் எரிவாயு வயல். 1959-இல் ஸ்லோக்தரன் என்ற ஊரில் தோண்டிய கிணற்றில் இது கண்டறியப்பட்டது. சுமார் 3 கி.மீ. ஆழத்தில் உள்ள மணற்பாறையின் நுண்துளைகளில் வாயு தங்கியிருந்தது. அதற்கும் கீழே உள்ள நிலக்கரி அடுக்குகளில் உருவான வாயு மேலேறி வந்தது. மணற்பாறையின் மேல் மூடிபோல் அமைந்த உப்புப் பாறை அதை வெளியேற விடவில்லை. இந்த உப்பை வைத்துத்தான் வகுப்பில் கணக்கு போடுகிறோம்.

செயல்பாடு

கரும்பலகையில் நான்கு இடங்களையும், மணற்பாறையிலிருந்து அதிர்வு திரும்பி வந்த நேரத்தையும் எழுதுங்கள். அ – 2.2 வினாடி, ஆ – 2.0, இ – 2.2, ஈ – 2.1. பாறைகளில் சராசரி வேகம் வினாடிக்கு 3000 மீட்டர் என்று கொள்க. (எண்கள் கணக்குக்காக எளிமைப்படுத்தப்பட்டவை.)

மாணவர்கள் ஆழத்தைக் கண்டுபிடிப்பார்கள்: 3300, 3000, 3300, 3150 மீட்டர். வாயு இலேசானது, மேடான பகுதியில் சேரும். "எங்கே தோண்டலாம்?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் "ஆ" என்று சொல்லும்.

இப்போது இரண்டாவது தகவலைக் கொடுங்கள். ஆ என்ற இடத்தில் மட்டும் மேலே 900 மீட்டர் தடிமனுள்ள உப்பு இருக்கிறது. உப்பில் அதிர்வின் வேகம் வினாடிக்கு 4500 மீட்டர். போகும் வழிக்கு மட்டும் ஆகும் நேரம் 1 வினாடி. அதில் உப்பைக் கடக்க 0.2 வினாடி. மீதி 0.8 வினாடியில் 2400 மீட்டர். ஆக மொத்த ஆழம் 2400 + 900 = 3300 மீட்டர். ஆ-வில் மேடே இல்லை! உப்பில் அதிர்வு விரைவாகச் சென்றதால் மேடுபோல் தோன்றியது. உண்மையான மேடு ஈ-யில்தான் இருக்கிறது.

ஓர் ஆழ்கிணற்றுக்குப் பல கோடி ரூபாய் செலவாகும் என்பதை இந்த இடத்தில் சொல்லுங்கள். அளந்தது நேரம், ஆழம் என்பது வேகத்தைப் பற்றிய நம் அனுமானத்தால் கிடைத்தது. அளவீட்டையும் அனுமானத்தையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எல்லா அறிவியல் பாடத்துக்கும் தேவை.

மாணவர்கள் கேட்கும் இரண்டு கேள்விகள்

"அப்போ ஈ-யில் கட்டாயம் வாயு இருக்குமா?" இருக்கும் என்று சொல்ல முடியாது. அதிர்வு ஆய்வு பாறையின் வடிவத்தைக் காட்டும். மேட்டில் வெறும் நீர் மட்டும்கூட இருக்கலாம். வாயு உள்ள மணற்பாறை சில சமயம் பலத்த எதிரொலி தரும். ஆனால் மிகக் குறைந்த வாயுவும் அதேபோல் காட்டக்கூடும். தோண்டிப் பார்த்தால்தான் உறுதியாகும்.

"இந்த அதிர்வால் நிலநடுக்கம் வருமா?" ஆய்வு அதிர்வு மிகச் சிறியது, சில வினாடிகளில் அடங்கிவிடும். ஆனால் வாயுவைப் பல்லாண்டுகள் எடுத்தபின் நிகழ்வது வேறு. குரோனிங்கனில் வாயு குறையக் குறைய மணற்பாறை அமுங்கி, பழைய பிளவுகள் நகர்ந்தன. 2012-இல் ஹைசிங்க என்ற ஊரருகே 3.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அப்பகுதியில் ஆயிரக்கணக்கான வீடுகள் சேதமடைந்தன. 2023 அக்டோபரில் வழக்கமான உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2024-இல் சட்டத்தின் மூலம் வயல் நிரந்தரமாக மூடப்பட்டது.

நம் மாநிலத்திலும் 2020-இல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாகச் சட்டம் இயற்றப்பட்டது. இதுபற்றி ஊரில் பல கருத்துகளைக் கேட்டபடிதான் மாணவர்கள் வகுப்புக்கு வருகிறார்கள். எந்தப் பக்கம் பேசினாலும், ஆய்வு என்பது எது, தோண்டுவது எது, எடுப்பது எது என்று பிரித்துப் பேசச் சொல்லுங்கள்.

இதற்கு ஒரு பாடவேளை போதும். தொடக்க வகுப்புகளில் கணக்கு வேண்டாம். மேசையின் ஒரு முனையில் தட்டி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்கச் செய்யுங்கள். திடப்பொருள் வழியே ஒலி செல்வதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.