ஆற்றுப்படையும் பரிந்துரையும்

பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. நம் திருவண்ணாமலைக்கு மேற்கேயுள்ள செங்கமே அன்றைய செங்கண்மா. அதன் தலைவன் நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் மலைபடுகடாம் 583 அடிகளால் ஆனது. அதனைப் பாடிய பெருங்கௌசிகனார் வள்ளலின் புகழை மட்டும் கூறி அமைந்தாரல்லர். பன்றிப்பொறி வைத்த வழி எது, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு ஒதுங்குவது, எங்கெங்கு என்ன உணவு கிடைக்கும் என்பனவெல்லாம் அதில் உள. தான் நடந்த வழியையே கூத்தன் பிறனுக்குக் காட்டுகிறான் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

1880இல் கும்பகோணத்தில் நிகழ்ந்ததொன்றை இம்மரபின் தொடர்ச்சியாகவே யாம் கருதுகிறோம். அரசினர் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் உடல்நலக் குறைவால் ஓய்வு பெற விழைந்தார். தம் இடத்திற்கு அவர் முன்மொழிந்தவர் உ.வே. சாமிநாதையர். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணாக்கர்; செட்டியார் மூத்தவர். ஐயருக்கு அப்போது வயது 25. கல்லூரியிற் பயின்று பெற்ற பட்டம் ஏதும் அவரிடம் இல்லை. அவரது புலமையை நேரில் அறிந்த ஒருவரின் சொல்லே கல்லூரித் தலைவர் கோபாலராவ் முன் நின்றது.

இடர் ஒன்று இருந்தது. ஐயர் அந்நாளில் திருவாவடுதுறை மடத்தில் பாடஞ் சொல்லி வந்தார். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகருக்கு அவரைப் பிரிய மனமில்லை. செட்டியார் வற்புறுத்தியபின் இசைந்தார். நற்சான்றும் எழுதித் தந்தார். செட்டியாரின் பெருந்தன்மையைப் பலரும் போற்றுவர். அது தகும். எனினும் தேசிகரின் செயலை யாம் அதனினும் பெரிதாக மதிக்கிறோம். செட்டியார் கொடுத்தது தாம் எவ்வாறேனும் விடவேண்டியிருந்த இருக்கை. தேசிகர் கொடுத்ததோ தமக்கு வேண்டியிருந்த ஆசிரியர்.

அவ்வாண்டிலேயே, கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று ஐயரை வினவினார். ஐயர் சைவ மடத்திற் பயின்றவர். நூலோ சமணக் காப்பியம். விளங்காத இடங்களை அவ்வூர்ச் சமணரிடமே சென்று கேட்டுத் தெளிந்தார். (சீறாப்புராணம் பயிலும் பிற சமய மாணவரும், தேவாரம் பயிலும் நம் மாணவரும் இதனைக் கருதுவாராக.) சிந்தாமணி 1887இல் அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டு நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது. நம் செங்கத்து மலைகளைப் பாடும் மலைபடுகடாம் அதன் பத்தாம் பாட்டு. செட்டியார் அதற்கு முந்திய ஆண்டே மறைந்துவிட்டார்.