போகிற வழியில் செய்கிற நன்மை

வாலாஜாபாத்தில் செங்கல்பட்டு ரயிலைப் பிடித்தால் பழையசீவரம், பாலூர், வில்லியம்பாக்கம், ரெட்டிப்பாளையம், அடுத்தது செங்கல்பட்டு. ஊரை ஒட்டித் திருமணியில் ஒரு தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஸ்காட்லாந்து திருச்சபையின் மிஷன் தொடங்கி, லேடி வில்லிங்டன் பெயரில் நடத்தி, 1955-ல் மத்திய அரசின் கைக்குப் போன இடம். வேலூர் சி.எம்.சி.யில் அறுவை மருத்துவராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த பால் பிராண்ட், 1947-ல் இங்கே விருந்தாளியாக வந்தார். 1914-ல் கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். தொழுநோய் அவருடைய துறையே அல்ல.

சுற்றிக் காட்டியவர் தோல் நிபுணர் ராபர்ட் காக்ரேன். பிராண்டின் கண் போனதெல்லாம் மடங்கி இறுகிப்போன விரல்களின் மேல்தான். இவை ஏன் இப்படி ஆகின்றன என்று கேட்டார். எலும்பு மருத்துவர் நீங்கள்தானே, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்கிற தோரணையில் காக்ரேன் பந்தைத் திருப்பிவிட்டார். பிராண்ட் ஒரு நோயாளியின் கையைப் பற்றி, அழுத்தச் சொன்னார். நோயாளி அழுத்திய அழுத்தில் பிராண்டுக்கு வலி பொறுக்க முடியவில்லை. உதவாது என்று எல்லாரும் கைவிட்ட கைக்குள் நல்ல வலுவான தசை இருந்திருக்கிறது! செயலிழந்த தசைக்குப் பதிலாக நல்ல தசையின் நாணை மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை வேலூரில் வளர்ந்ததற்கு அன்றைய கைகுலுக்கல்தான் ஆரம்பம்.

அதன் பிறகும் அவர் கேள்வியை விடவில்லை. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தன்னால் திறக்க முடியாதபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியைச் சுலபமாகத் திருப்பிவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. பையனுக்கு வலியே தெரியவில்லை. விரல்கள் நோயால் உதிர்வதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுப் பாழாகின்றன என்ற முடிவுக்கு இப்படித்தான் படிப்படியாக வந்தார். தூங்கும்போது எலி கடித்தாலும் தெரியாது என்று தெரிந்ததும், வீடு திரும்பும் நோயாளிகளிடம் ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்களாம். மருந்துச் சீட்டில் பூனை எழுதிய மருத்துவமனை வேறெங்கும் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

பிராண்டுக்கு அந்த நன்மை போகிற வழியில் எதிர்ப்பட்டது. நம் சபைகளிலோ நற்காரியம் என்றால் கிறிஸ்துமஸுக்குச் சேலை, பிரியாணிப் பொட்டலம், ஒரு குரூப் போட்டோ என்று ஆகிவிட்டது. அதுவும் வேண்டியதுதான். ஆனால் இயேசு சொன்ன கதையில் வரும் சமாரியன் ஊழியத்துக்குக் கிளம்பியவன் அல்ல. தன் பாட்டுக்குப் பயணம் போனவன், அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு நின்றான். காயத்தைக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், மறுநாள் செலவுக்குக் காசு கொடுத்துவிட்டுத் தன் வழியே போனான். திரும்பி வரும்போது மீதியைத் தருகிறேன் என்று கணக்கும் வைத்தான். நன்மை செய்கிறவர் தன் வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதை அந்தக் கதையில் பலர் கவனிப்பதே இல்லை.

நம் ஊரில் அந்தச் சந்தர்ப்பம் பெரும்பாலும் வங்கியில் கிடைக்கும். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில்தான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய். அதுவும் முதியோர் உதவித்தொகையும் வரும் நாட்களில் கவுன்ட்டர் முன்னால் எழுதத் தெரியாத பாட்டிகள் பாஸ்புக்கை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"தம்பி, இந்தச் சீட்டை எழுதிக் குடுப்பா."

"எவ்ளோ எடுக்கணும் பாட்டி?"

"ஆயிரம் போடு. மிச்சம் கெடக்கட்டும், பேத்திக்கு."

பையில் ஒரு பேனா கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும். ஆனால் இதிலும் பழக்கத்தில் படிந்த சில கட்டுப்பாடுகள் எனக்கு உண்டு. தொகையை எழுதியதும் அவர் காதுபட வாசித்துக் காட்டிவிட வேண்டும். பாஸ்புக் அவர் கையிலேயே இருக்கட்டும். ஏ.டி.எம். கார்டைக் கொடுத்து ரகசிய எண்ணையும் சொல்ல வந்தால், எத்தனை நம்பிக்கையோடு சொன்னாலும் வாங்கக் கூடாது. வங்கி ஊழியரிடம் அழைத்துப் போய்விட வேண்டும். எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்வது பாட்டிதான். எதற்கு இவ்வளவு, ஏன் சேமிக்கக் கூடாது என்று யோசனை சொல்ல ஆரம்பித்தால் உதவி போய் அதிகாரம் வந்துவிடும். சீட்டோடு ஒரு கைப்பிரதியை நீட்டுவதும் அப்படித்தான். தறிக்காரர் வீட்டுப் பாட்டி என் மதத்தைக் கேட்டால் சொல்வேன். கேட்காதபோது அவருக்கு வேண்டியது சீட்டு மட்டுமே.

சாலையில் கிடைக்கும் சந்தர்ப்பம் இதைவிடக் கடினம். ஒரகடம் பக்கம் போகிற வண்டிகளும் ஜல்லி ஏற்றிய டிப்பர்களும் ஓடுகிற ஊரில் விபத்தைக் கண்ணால் காணாதவர் அபூர்வம். கூட்டம் கூடும், யாரும் தொடமாட்டார்கள். கல்நெஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. போலீஸ், கோர்ட் என்று அலையவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுகிறவரை வழக்கிலிருந்து பாதுகாக்கிறது. அந்தப் பிரிவு அவரை அழைக்கும் பெயரே 'நல்ல சமாரியன்'தான். பெயர், முகவரி சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சி சொல்வதும் அவர் விருப்பம்.

செலவு பயமும் பாதி தீர்ந்துவிட்டது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளாகும் எவருக்கும் பட்டியலிட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். தனியாரும் அதில் அடக்கம். ஆகவே 108-ஐ அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: எந்தச் சாலை, பக்கத்தில் எந்தக் கோயில் அல்லது பெட்ரோல் பங்க். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. யார் ஊற்ற வந்தாலும் தடுங்கள். கழுத்தில் அடிபட்டிருக்கலாம், தூக்கி ஆட்டோவில் திணிக்க வேண்டாம். ரத்தம் வடிந்தால் சுத்தமான துண்டை மடித்து வைத்து அழுத்திப் பிடியுங்கள். போனை எடுத்து வீடியோ பிடிக்கிறவரிடம், அடிபட்டவர் வீட்டாருக்குப் போன் போடச் சொல்லுங்கள்.