பிராம்லி ஆப்பிளின் தாய்மரம்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் வட்டாரத்தில் சவுத்வெல் என்னும் சிற்றூர் உள்ளது. 1809ஆம் ஆண்டில், அங்கு வாழ்ந்த மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்னும் சிறுமி ஆப்பிள் விதைகள் சிலவற்றை ஊன்றினார். அவற்றுள் ஒன்று முளைத்து, வீட்டுத் தோட்டத்தில் மரமாகிக் காய்த்தது. 1846இல் அவ்வீட்டை மேத்யூ பிராம்லி என்னும் இறைச்சிக் கடைக்காரர் வாங்கினார்.

பத்து ஆண்டுகள் கழிந்தன. நாற்றுப்பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி மெரிவெதர் என்னும் 17 வயது இளைஞர், அம்மரத்திலிருந்து குச்சிகள் வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டார். பிராம்லி இசைந்தார், ஆனால், பழத்துக்குத் தம் பெயரையே சூட்ட வேண்டும் என்றார். அப்படியே பெயர் நிலைத்தது. பழம் புகழ்பெறும் முன்பே விதை ஊன்றிய மேரி மறைந்துவிட்டார்.

மெரிவெதர் விதைகளைக் கேட்காமல் குச்சிகளைக் கேட்டது ஏன்? ஆப்பிள் விதையில் வேறொரு மரத்தின் மகரந்தமும் கலந்திருக்கும். அதை ஊன்றினால் வேறு சுவையுடைய பழமே கிடைக்கும். எனவே, குளிர்காலத்தில் வெட்டிய குச்சியை வேறோர் ஆப்பிள் கன்றின் தண்டில் பொருத்திக் கட்டுவார்கள். இரண்டின் பட்டைக்கு அடியிலுள்ள பச்சைப் பகுதிகள் ஒன்றையொன்று தொட வேண்டும். தொடாவிட்டால் குச்சி காய்ந்துவிடும். மலேசியாவில் முசாங் கிங் டுரியான் கன்றுகளையும் ஒட்டுக்கட்டித்தான் உருவாக்குகிறார்கள்.

பிராம்லியை வளர்ப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இதன் மகரந்தத்தால் பிற மரங்கள் காய்ப்பது அரிது. அதனால், அருகில் வேறு இரண்டு வகை ஆப்பிள் மரங்களை நடுவார்கள். அவை பிராம்லிக்கும் மகரந்தம் தரும்; தமக்குள்ளும் பரிமாறிக்கொள்ளும்.

பழம் பெரியது, பச்சை நிறமுடையது. பச்சையாகக் கடித்தால் பல் கூசும் அளவுக்குப் புளிக்கும். ஆனால், அடுப்பில் ஏற்றினால் சில நிமிடங்களில் பஞ்சுபோல் குழைந்துவிடும்; புளிப்போ குறையாது. ஆகவேதான் இங்கிலாந்து மக்கள் சர்க்கரை சேர்த்துப் பை செய்வதற்கு இதையே விரும்புகிறார்கள்.

1900ஆம் ஆண்டுவாக்கில் தாய்மரம் புயலில் சாய்ந்தது. ஆயினும் மீண்டும் துளிர்த்தது. பின்னர், வேரை அழுகச் செய்யும் பூஞ்சை அதைத் தாக்கியது. அந்நோய்க்கு மருந்து இல்லை. எனவே, நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக அறிவியலாளர்கள் அதன் திசுவை ஆய்வகத்தில் வளர்த்துப் புதிய கன்றுகளை உருவாக்கினார்கள். ஒட்டுக்கட்டாமல், தம் சொந்த வேரிலேயே நிற்கும் பிராம்லி மரங்கள் அவை.