மூங்கில் குச்சியும் வானமும்

அந்தக் காலத்தில் வீட்டில் கடிகாரம் இல்லை. மக்கள் வானத்தைப் பார்த்தார்கள். விடிவெள்ளியைக் கண்டு உழவர் எழுந்தார். துருவ நட்சத்திரத்தைக் கண்டு மீனவர் வடக்குத் திசையை அறிந்தார். நிலவின் வளர்பிறை, தேய்பிறையைப் பார்த்து நாள் கணக்கிட்டார்கள். வானமே கடிகாரம். வானமே நாள்காட்டி.

ஒடிசா மாநிலத்தில் கண்டபடா என்று ஓர் ஊர் உள்ளது. அங்கே 1835-ஆம் ஆண்டு சந்திரசேகர் பிறந்தார். மக்கள் அவரைப் 'பதானி சாமந்தா' என்று அழைத்தார்கள். அவர் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆனாலும் வசதி இல்லை. ஆங்கிலம் தெரியாது. சமஸ்கிருதம் படித்தார். வீட்டில் பழைய வானநூல்கள் இருந்தன. அவற்றையும் படித்தார்.

ஒரு கிரகம் எந்த நாளில் எங்கே தெரியும் என்று நூல் சொன்னது. சந்திரசேகர் கணக்குப் போட்டார். இரவில் வெளியே வந்து பார்த்தார். கிரகம் சொன்ன இடத்தில் இல்லை!

ஏன் அப்படி? ஒரு கடிகாரம் தினமும் ஒரு நிமிடம் பின்தங்குகிறது. முதல் நாள் அது நமக்குத் தெரியாது. இரண்டு மாதத்தில் ஒரு மணி நேரம் பின்தங்கி விடும். பழைய நூல்களின் கணக்கும் அப்படித்தான். சிறு பிழை பல நூறு ஆண்டுகளில் பெரும் பிழையாகி விட்டது. நாள் பிசகினால் விரதமும் திருவிழாவும் பிசகும்.

பெரியோர் எழுதிய நூல் தவறாகுமா? சந்திரசேகர் அப்படி நினைத்துச் சும்மா இருக்கவில்லை. தாமே அளந்து பார்க்க விரும்பினார்.

அளக்கக் கருவி வேண்டுமே! அவரிடம் தொலைநோக்கி இல்லை. மூங்கிலாலும் மரத்தாலும் தாமே கருவிகள் செய்தார். ஒரு நீளக் குச்சி. அதன் முனையில் ஒரு குறுக்குக் குச்சி. நீளக் குச்சியின் மறுமுனையைக் கண்ணருகே வைத்துக்கொள்வார். குறுக்குக் குச்சி வழியாக நட்சத்திரத்தைப் பார்ப்பார். அது எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று கணக்கிடுவார். மலையின் உயரத்தையும் இப்படியே அளந்தார்.

பல ஆண்டுகள் வானத்தைப் பார்த்தார். கண்டதைக் கணக்கிட்டுப் பனையோலையில் நூலாக எழுதினார். அதன் பெயர் 'சித்தாந்த தர்ப்பணம்'. கட்டாக் கல்லூரிப் பேராசிரியர் யோகேஷ் சந்திர ராய் அதை அச்சிட உதவினார். 1899-இல் நூல் வெளிவந்தது. சந்திரசேகர் 1904-இல் காலமானார். பூரி ஜகந்நாதர் கோயிலில் அவருடைய கணக்கைக் கொண்டு நாள் குறிக்கிறார்கள். புவனேசுவரத்தில் உள்ள கோளரங்கத்துக்கு அவர் பெயரை வைத்துள்ளார்கள்.

அவரும் ஒன்றில் தவறினார். சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்று நம்பினார். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது. பெரியவர்கள் சொன்னாலும் சரிபார்க்க வேண்டும். அதைத்தான் அவர் வாழ்க்கையும் சொல்கிறது.

படிப்போம். பார்ப்போம். பார்த்ததை எழுதி வைப்போம்.

செய்து பாருங்கள்

வளர்பிறை நாளில் இரவு 7 மணிக்கு நிலவைப் பாருங்கள். அது எந்த மரத்துக்கு மேலே உள்ளது? நோட்டில் எழுதுங்கள். மறுநாள் அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று பாருங்கள். நிலவு எந்தப் பக்கம் நகர்ந்துள்ளது?

பதில் சொல்லுங்கள்

1. பழைய கணக்கில் பிழை எப்படி வந்தது?
2. சந்திரசேகர் எதனால் கருவி செய்தார்?
3. அவர் கண்டதை எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?