மின்வினைஞரின் விழிப்பு

சவ்வாது மலையை அடுத்து, 2019ஆம் ஆண்டில் மாவட்டத் தலைநகரான திருப்பத்தூரில், ஓர் இல்லத்தில் பழைய மின்விசிறியை இறக்கிப் புதியது மாட்ட வரும் மின்வினைஞர் சுவர்ச் சுவிட்சை மட்டும் நம்புதல் ஆகாது. மின்சாரம் வரும் கம்பியில் அமைய வேண்டிய சுவிட்சு, தவறாகத் திரும்பும் கம்பியில் அமைந்திருப்பின், விசிறி நின்றுவிடும். எனினும் அதனுள் 230 வோல்ட்டு அழுத்தம் நீங்காது. தொட்டவரை அது தாக்கும்.

ஆகவே, முதலில் டெஸ்டரை மின்சாரமுள்ள ஓரிடத்தில் வைத்து, அதன் விளக்கு எரிதலைக் காணவேண்டும். பழுதுற்ற டெஸ்டரும் எரியாதன்றோ! பின்னர் மெயின் சுவிட்சை அணைத்து, பியூசுக் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொள்ளல் வேண்டும். வீட்டார் அறியாமல் மீண்டும் பொருத்திவிடக்கூடும். இன்வெர்ட்டர் உள்ள வீடாயின் அதனையும் தனியே நிறுத்துதல் இன்றியமையாதது. மெயின் அணைந்த நொடியே அது மின்சாரம் வழங்கத் தொடங்கும். இவையெல்லாம் முடிந்தபின், விசிறியின் கம்பிகளில் டெஸ்டரை வைத்துப் பார்த்தே ஏணியில் கருவிகளுடன் வேலையைத் தொடங்குவர்.