தாதிமை இல்லத்தில் தொற்றுப் பரிசோதனை: யாருடைய சம்மதம் செல்லும்?

கேள்வி: சிங்கப்பூரின் செங்காங்கில் உள்ள தாதிமை இல்லம் ஒன்றில் 82 வயதுத் தாயார் தங்கியிருக்கிறார். மறதிநோய் உண்டு, தமிழ் மட்டுமே பேசுவார். இல்லத்தில் அவ்வப்போது எல்லாருக்கும் மூக்கில் குச்சி விட்டுத் தொற்றுப் பரிசோதனை செய்கிறார்கள். தாதி நெருங்கினாலே தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைத் தட்டிவிடுகிறார். ‘சேர்க்கும்போதே மகன் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை’ என்கிறது இல்லம். சட்டம் அப்படித்தான் சொல்கிறதா?

பதில்: தாதிமை இல்லத்தில் நடக்கும் தொற்றுப் பரிசோதனைகள் எல்லாம் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. அரசாங்க உத்தரவின் பேரில் நடப்பது ஒன்று. காய்ச்சலோ இருமலோ உள்ளவருக்கு மருத்துவர் எழுதிக்கொடுப்பது இன்னொன்று. நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களுக்கும் இல்லம் தன் வழக்கப்படி செய்வது மூன்றாவது. மறுத்தால் குற்றமாவது முதல் வகை மட்டும்தான்.

அதற்கு அடிப்படை 1976ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். ஒருவருக்குத் தொற்றுநோய் இருக்கிறது, அல்லது நோயாளியோடு அவர் தொடர்பில் இருந்தார் என்ற சந்தேகம் எழுந்தால், அவரைப் பரிசோதனைக்கு உட்படச் சொல்லி அதிகாரிகள் உத்தரவிடலாம். மீறினால் முதல் முறைக் குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இவ்வளவு கடுமையான அதிகாரம் கையில் இருந்தும் அது எப்போதும் பயன்படுத்தப்படுவதில்லை. 2016இல் அங் மோ கியோ அவென்யூ 3, புளோக் 203இல் ஆறு பேருக்கு பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் கண்டறியப்பட்டிருந்தது தெரியவந்தபோது, குடியிருப்பாளர்களுக்கு நடந்த பரிசோதனை இலவசமாகவும் அவரவர் விருப்பப்படியுமே நடந்தது.

கொவிட்-19 காலம் வேறு. 2020 மார்ச் இறுதியில் லீ ஆ மூய் முதியோர் இல்லத்தில் தொற்றுக் குழுமம் தெரியவந்தது. ஏப்ரல் 2 முதல் தாதிமை இல்லங்களுக்கு வருகையாளர்கள் வருவது நிறுத்தப்பட்டது. மே மாதத்தில் ஊழியர்களுக்கும் ஏறத்தாழ 16,000 இல்லவாசிகளுக்கும் பரிசோதனை நடந்தது. வாசலில் நின்று கண்ணாடிக்கு அப்பால் பெற்றோரைப் பார்த்துத் திரும்பிய குடும்பங்களுக்கு அந்த மாதங்கள் மறக்காது. அன்றைய கடுமைக்கு நியாயமும் இருந்தது. ஆனால் 2023 பிப்ரவரி 13 அன்று டோர்ஸ்கான் எனப்படும் நோய்ப்பரவல் எச்சரிக்கை பச்சை நிலைக்கு இறங்கிவிட்டது. கொவிட் கால நடைமுறையை இன்றைய உத்தரவாகக் காட்ட முடியாது. ‘அரசாங்கம் சொல்கிறது’ என்று இல்லம் கூறினால், எந்த உத்தரவு, எந்தத் தேதி என்று எழுத்தில் கேட்பது குடும்பத்தின் உரிமை.

இல்லத்துக்கும் கடமை உண்டு. 2020ஆம் ஆண்டின் சுகாதாரச் சேவைகள் சட்டத்தின் கீழ்தான் தாதிமை இல்லங்கள் உரிமம் பெறுகின்றன. தொற்று பரவாமல் பார்த்துக்கொள்வது அந்த உரிமத்தோடு சேர்ந்த பொறுப்பு. ஒரே அறையில் பலர் படுத்திருக்கும் இடத்தில் ஒருவருடைய சளிக்காய்ச்சல் அடுத்த கட்டிலில் இருப்பவரின் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆயினும் அந்தப் பொறுப்பு இல்லவாசியின் உடல்மீது இல்லத்துக்கு அதிகாரம் தந்துவிடாது.

இனி, மகனின் கையெழுத்து. இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. படிவத்தில் ‘நெருங்கிய உறவினர்’ என்ற கோட்டில் கையெழுத்திட்டதாலேயே, வயதுவந்த ஒருவருக்காகச் சம்மதம் தெரிவிக்கும் சட்ட உரிமை மகனுக்கு வந்துவிடாது. அந்த உரிமை இருவருக்கே உண்டு: எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரத்தின் மூலம் தாயாரே தம் நலனுக்காக நியமித்தவர், அல்லது நீதிமன்றம் நியமித்த பிரதிநிதி.

2010 மார்ச் முதல் நடப்பில் உள்ள மன ஆற்றல் சட்டம் இன்னும் அடிப்படையான ஒன்றைச் சொல்கிறது. முடிவெடுக்க இயலாதவர் என்று நிரூபிக்கப்படும் வரை ஒருவர் இயலுபவரே. மறதிநோய் என்று மருத்துவச் சீட்டில் எழுதியிருப்பது மட்டும் அதற்குச் சான்றாகாது. நேற்று நடந்தது நினைவில் இல்லாதவருக்கும், ‘மூக்கில் குச்சி வேண்டாம்’ என்று சொல்லத் தெரியலாம். அவர் முடிவெடுக்க நடைமுறையில் சாத்தியமான எல்லா உதவியும் செய்யப்பட வேண்டும். அவருக்குப் புரியும் விதத்தில் விளக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த மூதாட்டியிடம் ஆங்கிலத்தில் இரண்டு சொல் சொல்லிவிட்டுக் குச்சியை எடுப்பது விளக்கமாகாது. தமிழ் பேசும் தாதியோ மகளோ அருகில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை என்றால், அவருடைய நலன் கருதி மற்றவர்கள் முடிவெடுக்கலாம். அப்போதும் குடும்பத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் அவருடைய விருப்பமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த இல்லத்தில் சளிக்காய்ச்சல் பரவிக்கொண்டிருக்கிறது, அவருக்கும் காய்ச்சல் என்றால், பரிசோதனை அவர் நலனுக்கே உகந்தது. வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்தில் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். நோய்க்குறியே இல்லாதபோது வழக்கத்துக்காகச் செய்வதற்கு அந்த வாதம் அவ்வளவு எளிதில் பொருந்தாது.

கையைப் பிடித்து அழுத்திச் செய்யலாமா? அவருக்கே நேரக்கூடிய தீங்கைத் தடுக்க அவசியமாகவும், அந்தத் தீங்கின் அளவுக்குப் பொருத்தமாகவும் இருந்தால் மட்டுமே மன ஆற்றல் சட்டம் அதற்குப் பாதுகாப்பு தருகிறது. பட்டியலை முடிப்பதற்காக இரண்டு பேர் பிடித்துக்கொள்வது அதில் அடங்காது. இயலாதவரைக் கொடுமைப்படுத்துவது அதே சட்டத்தின்படி தனிக் குற்றம்.

மறுத்தவரை இல்லம் அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதில்லை. முகக்கவசம், கட்டிலுக்கு இடையே இடைவெளி, சில நாள்களுக்குத் தனி அறை ஆகியவற்றை நியாயமான அளவில் கேட்கலாம். பரிசோதனை முடிவுகள் தனிப்பட்ட தகவல்; அறிவிப்புப் பலகையில் பெயரோடு ஒட்டக்கூடாது. எச்ஐவி விவரத்தை வெளியிடுவதைத் தொற்றுநோய்ச் சட்டமே தடுக்கிறது.

ஆக, இல்லம் சொல்வது சரியல்ல. நீங்கள் முதலில் இல்லத்தின் மருத்துவருடன் பேசி, எப்போது, எதற்காகப் பரிசோதனை, யார் உடனிருப்பது என்பதைப் பராமரிப்புத் திட்டத்தில் எழுதிவைக்கக் கேட்க வேண்டும். பலிக்காவிட்டால் சுகாதார அமைச்சிடம் புகார் செய்யலாம். தாயார் எல்பிஏ செய்யவில்லை என்றால், அதைப் புரிந்துகொள்ளும் தெளிவு இன்னும் இருக்கிறதா என்று மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். அந்தத் தெளிவு போய்விட்டால் எல்பிஏ செய்ய முடியாது. நீதிமன்றத்தில் பிரதிநிதியாக நியமிக்கக் கோருவதே மிஞ்சும் வழி.