ஈயம் இல்லாத ‘லெட்’

மைக்ரோ டிப் பென்சிலின் ‘லெட்’ கையில் குத்தினால் உடம்பில் ஈயம் ஏறிவிடும் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. பெயர் கிளப்பிவிட்ட பயம் அது. அந்தக் குச்சி கிராஃபைட், அதாவது கரியின் ஒரு வடிவம். 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் மலைப்பகுதியில் அது கட்டிகட்டியாகக் கிடைத்தபோது, ஈயத்தின் இனம் என்று எண்ணிக் ‘கறுப்பு ஈயம்’ என்றார்கள். ஈயத்தைக் காகிதத்தில் இழுத்தாலும் சாம்பல் கோடு விழும் என்பதால் அது அசட்டுத்தனமான ஊகமும் அல்ல. 1779-இல் வேதியியலாளர் ஷீலே அது கரி என்று காட்டினார். பத்து ஆண்டு கழித்து கனிமவியலாளர் வெர்னர் கிராஃபைட் என்று பெயரிட்டார். ஆனாலும் பழைய பெயர் போகவில்லை. ஜெர்மானியர் பென்சிலுக்குச் சொல்லும் சொல்லில் இன்றும் ஈயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாமும் சளைத்தவர்கள் அல்ல: தமிழ்நாட்டில் காரீயம் என்றால் உலோகம்; இலங்கையில் போகலைச் சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் கிராஃபைட்டுக்கே அந்தப் பெயர்.

பென்சிலைக் கடிப்பதால் ஈயம் உள்ளே போகும் என்று அந்தக் காலத்தில் எச்சரித்தார்களே என்று கேட்கலாம். அது வெளிப்பூச்சைப் பற்றியது. பழைய பெயின்ட்களில் ஈயம் கலந்தது உண்மை. முனை குத்திய இடத்தில் வருடக்கணக்கில் நிற்கும் நீலக்கறுப்புப் புள்ளி? தோலுக்கடியில் தங்கிய கிராஃபைட் துகள், பச்சை குத்தியது போல. அதற்காகக் காயத்தை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முனை உள்ளே ஒடிந்திருந்தாலோ கண்ணருகே பட்டிருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

மரப் பென்சிலின் கரியைத்தான் மெல்லிசாக்கி டப்பாவில் அடைக்கிறார்கள் என்பதும் தவறு. மரப் பென்சிலில் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் பிசைந்து சுட்ட குச்சி. 1795-இல் பிரான்சில் கான்டே என்பவர் காப்புரிமை பெற்ற முறை. அரை மில்லிமீட்டர் கனத்தில் அந்தக் கலவை தாங்காது. 1960 வாக்கில் ஜப்பானின் பென்டெல் நிறுவனம் களிமண்ணுக்குப் பதில் செயற்கைப் பிசினைச் சேர்த்தது. இடியாப்பம் போலப் பிழிந்த இழையைக் காற்றுப் படாமல் கடும் வெப்பத்தில் சுடும்போது பிசினே கரியாகி கிராஃபைட்டைப் பிணைக்கிறது. பிறகு எண்ணெயில் ஊறவைப்பார்கள். எழுதும்போது வழுக்கிக்கொண்டு போவது அதனால்தான்.

அப்படியும் ஒடிகிறதே, மட்டமான சரக்குதானே என்பார்கள். சில சமயம் அப்படி இருக்கலாம். பெரும்பாலும் குற்றம் நம் கட்டைவிரலில். இத்தகைய குச்சி நேராக அழுத்தினால் தாங்கும், வளைத்தால் ஒடியும். வெளியே நீட்டிய நீளம் இரட்டித்தால் அடியில் விழும் வளைவுச் சுமையும் இரட்டிக்கும். தாங்கும் வலுவோ கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 0.5 என்று விற்பது உண்மையில் சுமார் 0.56 மில்லிமீட்டர், அதைவிட 0.7 கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தாங்குவது இந்தக் கணக்கால்தான்.

பட்டனை அழுத்தினால் ஸ்பிரிங் லெட்டை வெளியே தள்ளுகிறது என்று நினைப்பவர்கள் ஒருமுறை முனையைக் கழற்றிப் பாருங்கள். நுனி மூன்றாகப் பிளந்த ஒரு கவ்வி, அதைச் சுற்றி ஒரு வளையம். தள்ளுவது நம் விரல்: கவ்வி லெட்டைப் பிடித்தபடி முன்னே நகரும், வளையம் ஓரிடத்தில் முட்டி நிற்கும், கவ்வி அதைத் தாண்டியதும் வாய் திறக்கும். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் கவ்வியைப் பின்னுக்கு இழுக்கிறது. லெட் கூடவே திரும்பாமல் முனைக்குள் இருக்கும் ரப்பர் பிடித்துக்கொள்கிறது. கடைசித் துண்டு கவ்விக்கு எட்டாத அளவு குட்டையாகிவிட்டால் பிடிப்பு இருக்காது. எழுத எழுத உள்ளே போகும். பென்சில் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அந்தத் துண்டை உருவிப் போட்டுவிட்டு அடுத்த லெட் எட்டிப்பார்க்கும்வரை அழுத்துங்கள்.